ஒரு கை போதும்: பழைய லேப்டாப் பையை டயபர் பையாக்கிய கதை

தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பூக்காரம்மா கேட்ட கேள்வியில்தான் இந்த வேலை ஆரம்பித்தது. திருப்பூரிலிருந்து பழனியில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பாப்பாவுக்கு அப்போது ஐந்து மாதம். பஸ் பத்து நிமிடம் நிற்கும் என்றார் கண்டக்டர். மனைவி தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தாள். என் இடது தோளில் பாப்பா, வலது தோளில் பை. பாப்பாவின் டயபர் நிரம்பி, தொடை வழியாக இறங்கி, என் சட்டைக்கு வந்துவிட்டது.

பையில் எல்லாம் இருந்தது. 17 அறைகள் உள்ள பை. பாப்பா பிறந்தபோது நண்பர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. விரிப்பு ஓர் அறையில், வைப்ஸ் (துடைக்கும் ஈரத்தாள்) இன்னோர் அறையில், டயபர் அடியாழத்தில். ஜிப்பை இழுத்தால் பையும் கூடவே வருகிறது. பையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, ஜிப்பின் முனையைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருந்த பூக்காரம்மா, “ஏங்கண்ணு, இத்தன ஜோப்பு வெச்சவன் கைய உடறதுக்கு ஒரு வழி வெக்கலியா?” என்று கேட்டுக்கொண்டே பாப்பாவை வாங்கிக்கொண்டார்.

தமிழ்நாட்டு பஸ் ஸ்டாண்டுகளில் 2015-இல் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் தாய்மார்கள் பால் கொடுக்கும் இடத்துக்குள் நான் போக முடியாது, போகவும் கூடாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அப்பனுக்குக் கிடைப்பது சிமென்ட் பெஞ்சுதான். அந்தப் பெஞ்சில், ஒரு கையால், இரண்டு நிமிடத்தில் வேலை முடியவேண்டும். வீடு திரும்பியதும் நண்பர்கள் தந்த பையை அலமாரி மேல் ஏற்றிவிட்டு, ஆபீஸுக்குத் தூக்கிப்போன பழைய லேப்டாப் பையை எடுத்தேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. செய்ததையும் சொதப்பியதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு சோதனை முறை வைத்துக்கொண்டேன். அரிசிப் பை சோதனை என்று வீட்டில் பெயர். 5 கிலோ அரிசிப் பையை இடது கையால் மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். அதைக் கீழே வைக்காமல், வலது கையால் மட்டும் பையைத் திறந்து, விரிப்பை எடுத்து விரித்து, வைப்ஸையும் டயபரையும் எடுத்து வைக்க வேண்டும். நண்பர்கள் தந்த பையில் இதைச் செய்ய எனக்கு நான்கு நிமிடம் ஆனது, அரிசிப் பையும் ஒரு முறை நழுவியது. அதற்குப் பிறகு எந்த யோசனை வந்தாலும் இந்தச் சோதனையில் தேறினால்தான் தையல்.

லேப்டாப் பையை எடுத்ததற்குக் காரணம் உண்டு. 18 அங்குல உயரம், 12 அங்குல அகலம், அடியில் 6 அங்குலம். தோள்பட்டியில் நல்ல பஞ்சு வைத்திருந்தார்கள். முதுகுப் பக்கம் லேப்டாப் வைக்கிற தட்டையான அறை இருக்கிறதே, அது மடித்த விரிப்புக்கென்றே செய்த மாதிரி இருந்தது. குறை என்னவென்றால் உள்ளே லைனிங் கன்னங்கரேலென்று இருந்தது. கறுப்புத் துணிக்குள் கறுப்பு மூடி போட்ட பாட்டிலை ராத்திரி பஸ்ஸில் தேடிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதனால் முதல் வேலை லைனிங்கை மாற்றுவது.

பையைப் பிரிக்கும்போது அவசரப்பட்டுக் கத்தரியை எடுக்காதீர்கள். உள்ளே திருப்பிப் பார்த்தால் எல்லாத் தையல் விளிம்பையும் ஒரு நாடா மூடியிருக்கும். ஒரே ஒரு பக்கத்து நாடாவை மட்டும் பிளேடால் பிரித்தால் போதும், பை புத்தகம் மாதிரி விரிந்துவிடும். நான் உற்சாகத்தில் இரண்டு பக்கமும் பிரித்துவிட்டேன். பிறகு எந்தத் துண்டு எந்தப் பக்கம் என்று அடையாளம் பிடிக்க அரை நாள் போனது. பிரிப்பதற்கு முன் சாக்பீஸால் ஒவ்வோர் ஓரத்திலும் எண் போட்டு, போனில் நான்கு படம் எடுத்துவைத்துக்கொண்டால் அந்த அரை நாள் மிச்சம். புது லைனிங்குக்கு வெளிர் மஞ்சள் பாராசூட் துணி. அழுக்கு தெரியுமே என்றாள் மனைவி. தெரியட்டும், அதற்குத்தானே.

விரிப்புதான் இந்தப் பையின் உயிர். அதற்கே இரண்டு ஞாயிறு போனது.

நம் வீடுகளில் குழந்தைக்கு அடியில் போடுவது மருந்துக்கடை ரப்பர் ஷீட். மேலே கிழித்துத் துவைத்த பழைய வேட்டி. வீட்டுக்கு அதைவிட நல்லது வேறு இல்லை. பைக்குள் மடித்து வைத்தால் வெயிலில் ஒட்டிக்கொள்கிறது, மடிப்பில் வெடிக்கிறது, வாடை வேறு. ரெக்ஸின் துண்டு வைத்துப் பார்த்தேன். ஏப்ரல் வெயிலில் பாப்பாவின் முதுகு அதில் ஒட்டிக்கொண்டு, தூக்கும்போது ‘பர்ர்’ என்று சத்தம் வந்தது. குளியலறைத் திரையையும் வெட்டிப் பார்த்தேன். அமெரிக்காவில் மரியன் டோனவன் என்ற அம்மாள் 1940களில் இப்படித்தான் தன் குளியலறைத் திரையை வெட்டி, தையல் மிஷினில் கொடுத்து, குழந்தையின் துணி நாப்கினுக்கு மேலுறை தைத்தார். பிறகு திரையை விட்டுவிட்டு பாராசூட் நைலானுக்கு மாறினார், ஊக்குக்குப் பதில் அமுக்கு பட்டன் வைத்தார். 1949-இல் நியூயார்க்கின் ‘சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ’ என்ற பெரிய கடையில் அது விற்பனைக்கே வந்தது. அவர் ஏன் திரையை விட்டு நைலானுக்குப் போனார் என்பது எனக்கு ஒரே மாலையில் புரிந்துவிட்டது. மடிப்புகள் விறைத்து நிற்கின்றன, முனை குத்துகிறது.

கடைசியில் பிடித்தது பி.யூ. (பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக்) லேமினேட் செய்த பாலியஸ்டர் துணி. ஒரு பக்கம் பனியன் துணி மாதிரி மென்மை, மறு பக்கம் மெல்லிய பளபளப்பான படலம். தண்ணீர் விடாது, ஆனால் ரப்பர் மாதிரி விறைக்காது. மெத்தைக்கு மேல் போடும் நீர் புகாத உறைகளிலும் இந்தப் படலம்தான் இருக்கும். துணி கிடைக்காதவர்கள் பழைய மெத்தை உறையையே வெட்டலாம். எனக்குத் திருப்பூரில் இருக்கிற வசதி, கட்பீஸ் கடையில் எடை போட்டு வாங்கிவிட்டேன். மேலே போடும் மாற்று விரிப்புக்குப் பனியன் இன்டர்லாக் துணியும் அதே கடையில். வெட்டின ஓரம் நூல் பிரியாது என்பதால் ஓரம் அடிக்கக்கூடத் தேவையில்லை, அப்படியே சதுரமாக வெட்டி ஆறு துண்டு வைத்துக்கொண்டேன்.

நடுவே பஞ்சுக்கு, இரண்டு நாள் யோகா செய்துவிட்டுச் சுருட்டி வைத்திருந்த பாய். அதற்கும் ஒரு பயன் வந்தது. விரிப்பின் அளவு 24-க்கு 16 அங்குலம். பாயை 8 அங்குலத்துக்கு ஒன்றாக மூன்று துண்டாக்கி, துண்டுகளுக்கு நடுவே அரை அங்குல இடைவெளி விட்டேன். இடைவெளி இல்லையென்றால் மடிக்கவே வராது. (இந்த இடைவெளிகளைக் கணக்கில் சேர்க்க மறந்து, துணியை 24 அங்குலத்துக்கு வெட்டிவிட்டேன். ஒரு துணி வீண்.)

இப்போது பெரிய சொதப்பல். பாய்த் துண்டுகள் நகராமல் இருக்க, இடைவெளிகளில் மேலிருந்து கீழ்வரை குறுக்கே இரண்டு தையல் போட்டேன். பார்க்க அழகாக, கடையில் வாங்கியது மாதிரியே இருந்தது. கீழே செய்தித்தாள் விரித்து, மேலே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் நடுவில் தேங்க ஓரங்களைத் தூக்கி வைத்துவிட்டுக் காலையில் பார்த்தேன். செய்தித்தாளில் இரண்டு நேர்கோடு ஈரம். துணியில் ஓட்டை இல்லை. ஊசி போட்டதெல்லாம் ஓட்டைதான். நீர் புகாத துணி என்பது ஊசி படாதவரைதான்.

எல்லாவற்றையும் பிரித்து மறுபடி தைத்தேன். இந்த முறை தரையில் படும்படி அடியில் வரும் ரெக்ஸினோடு ஒரு பழைய காட்டன் துணியை மட்டும் சேர்த்துக் குறுக்குத் தையல் போட்டு மூன்று பை மாதிரி ஆக்கினேன். பாய்த் துண்டுகள் அதற்குள் போயின. லேமினேட் துணி இவை எல்லாவற்றுக்கும் மேலே சும்மா போர்த்தியிருக்கும். ஓரத்தில் மட்டும் தையல். ஓரத்தை அரை அங்குலம் மேலே மடித்து கிராஸ் பட்டி (சாய்வாக வெட்டிய துணி நாடா) வைத்துத் தைத்ததால், தண்ணீர் ஓரத்துக்கு ஓடினாலும் ஊசி ஓட்டைக்கு எட்டுவதற்கு முன் ஒரு சின்னக் கரை மாதிரி நிற்கிறது. இரண்டாவது சோதனையில் செய்தித்தாள் காய்ந்தே இருந்தது. அந்தத் தாளை அம்மாவிடம் காட்டினேன். “நேத்துப் பேப்பர்தான?” என்றார்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. மிஷின் அவருடையது, கால் மிதி வைத்த பழைய உஷா. ரெக்ஸினை அதில் கொடுத்தவுடன் அது நகர மறுத்தது. துணியை மேலிருந்து அமுக்கும் பிரஷர் ஃபுட்டின் இரும்பு, ரெக்ஸினில் ஒட்டிக்கொள்கிறது. துணியை நகர்த்தும் அடிப்பல் கீழே இழுக்க, மேலே ஒட்ட, தையல் ஒரே இடத்தில் குவிந்து முடிச்சாகிறது. நான் பலம் போட்டு இழுத்தேன், ஊசி முறிந்தது. அம்மா வந்து என்னை எழுப்பி விட்டு, செய்தித்தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து ரெக்ஸின் மேல் வைத்து, அதற்கு மேல் தைத்துக்கொண்டே போனார். தாளோடு சேர்த்துத் தைத்துவிட்டுப் பிறகு தாளைக் கிழித்தால் தையல் துப்புரவாக நிற்கிறது. 16-ஆம் நம்பர் ஊசியைக் கழற்றி 18 போட்டதும் அவர்தான். தையலின் நீளத்தைக் கூட்டச் சொன்னார். நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்று நான் நினைத்திருந்தேன். துணிக்கு அது சரி. ரெக்ஸினில் நெருக்கத் தையல் போட்டால் தபால்தலை ஓரம் மாதிரி ஓட்டை வரிசை ஆகி, அங்கேயே கிழிந்துவிடும். குண்டூசியும் குத்தக்கூடாது, குத்தின ஓட்டை மூடாது. துணி காயப் போடும் கிளிப் போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

விரிப்பை எப்படி மடிப்பது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. தரையில் படும் பக்கம் சாம்பல் ரெக்ஸின், பாப்பா படுக்கும் பக்கம் வெளிர் பச்சை. மூன்றாக மடித்தால் பச்சை உள்ளே போய்விடும், வெளியே தெரிவது சாம்பல் மட்டும். இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தால் அவசரத்தில் பஸ் ஸ்டாண்டுத் தரையில் வைத்த பக்கத்தை மேலே திருப்பிப் போட்டுவிடுவோம். கடை விரிப்புகள் பலவற்றில் இரண்டு பக்கமும் ஒரே பூ, ஒரே நிறம். வரைந்தவர்கள் பிள்ளையை வெளியே தூக்கிப் போனதில்லை போலும்.

சரி, விரிப்பு ஆயிற்று. இனி அதை ஒரு கையால் எடுக்க வேண்டும்.

ஜிப்பை ஒரு கையால் திறக்க முடியாததற்குக் காரணம் ஜிப் இல்லை. பையை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை என்பதுதான். தரையில் வைத்த பையின் ஜிப்பை இழுத்தால் பை கூடவே நகர்கிறது. அதே பையை ஆணியில் மாட்டிவிட்டு இழுத்தால் வழுக்கிக்கொண்டு திறக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பையின் எடைதான் இன்னொரு கை. அதனால் மேல் கைப்பிடியில் ஒரு பெரிய எஸ் கொக்கியை நாடாவில் கோத்துத் தைத்தேன். பஸ் சீட்டின் மேல் கம்பி, ரயில் ஜன்னலோரக் கொக்கி, ஆஸ்பத்திரி நாற்காலி முதுகு, எதில் வேண்டுமானாலும் மாட்டலாம். கொக்கி வாங்கும்போது வாய் அகலம் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடவே இருக்கட்டும். நான் முதலில் வாங்கியது பஸ் கம்பிக்குள் நுழையவில்லை.

பழைய ஜிப் பையின் தலையைச் சுற்றி வளைந்து போனது. வளைவில் வந்ததும் ரன்னர் (ஜிப்பில் இழுக்கும் பிடி) நின்றுவிடும். அந்த ஜிப்பை அப்படியே விட்டுவிட்டு, பக்கவாட்டில் மேலிருந்து கீழாக நேரே ஒரு 14 அங்குல ஜிப் வைத்தேன். 8-ஆம் நம்பர், பெரிய பல். ரன்னரில் சாவிக்கொத்து வளையம். தொங்கும் பையில் வளையத்துக்குள் ஒரு விரலை விட்டுக் கீழே இழுத்தால் திறந்துவிடும். மூடும்போது மேலே இழுக்க வேண்டும், பை தூக்கிக்கொள்ளுமோ என்று பயந்தேன். சாமான் நிரம்பிய பை மூன்று கிலோ இருக்கும், அது அசையவில்லை. காலிப் பைதான் தூக்கிக்கொள்கிறது. காலிப் பையை யார் மூடப்போகிறார்கள்?

வைப்ஸுக்கு வேறு வழி. வைப்ஸ் பாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடி ஒரு கட்டைவிரலால் திறக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். நாம்தான் அதைப் பைக்குள் போட்டு ஜிப் போட்டுப் புதைக்கிறோம். முன் அறையின் துணியில் 5-க்கு 3 அங்குலத்தில் ஒரு ஜன்னல் வெட்டி, ஓரத்துக்கு ரெக்ஸின் பட்டி கொடுத்தேன். பாக்கெட்டை உள்ளிருந்து வைத்தால் மூடி மட்டும் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கும். ஜன்னல் மூடியைவிடப் பெரிதாகிவிட்டால் பாக்கெட்டே வெளியே வந்துவிடும். அட்டையில் வெட்டி அளவு பார்த்துவிட்டுத் துணியில் கத்தரி வையுங்கள்.

விரிப்பு அறையின் வாய்க்கு முதலில் வெல்க்ரோ வைத்தேன். ஒரு கையால் பிரிக்கலாம், ஒரு கையால் ஒட்டலாம், அரிசிப் பை சோதனையில் முதல் மதிப்பெண். ஆனால் அரிசி தூங்குவதில்லை. முதல் நாளே, அரை மணி நேரம் தாலாட்டித் தூங்க வைத்த பாப்பாவுக்குப் பக்கத்தில் மனைவி அதைப் பிரித்தாள். ‘கர்ர்ர்’. பாப்பா முழித்துக்கொண்டாள், மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை. அது போக, அவளுடைய ஷாலின் நூல்களையும் வெல்க்ரோ பிடித்து இழுத்துவிட்டது. டிச் பட்டன் வைத்துப் பார்த்தேன். திறக்க ஒரு கை போதும், அமுக்கி மூட இரண்டு கை வேண்டும். கடைசியில் கைப்பைகளுக்கு வைக்கும் மேக்னட் பட்டன். சத்தம் ‘டக்’ என்பதோடு சரி. ஒரு எச்சரிக்கை: சின்ன காந்தங்களை ஒட்டியோ மேலோட்டமாகத் தைத்தோ விடாதீர்கள். குழந்தை இரண்டு காந்தத்தை விழுங்கிவிட்டால் அவை குடலின் சுவர்களுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். நான் வைத்தவை பின்னால் தகடு மடித்துப் பொருத்துபவை. அதற்கு மேலும் லைனிங்கை மூடித் தைத்துவிட்டேன். மாதம் ஒரு முறை இழுத்துப் பார்க்கிறேன்.

நான் பெருமைப்பட்டுப் பிறகு வெட்கப்பட்ட அறை ஒன்று உண்டு. மொட்டை மாடி ஷெட்டுக்கு அடித்ததில் மிச்சமான வெள்ளிக் குமிழ் ஷீட் வீட்டில் கிடந்தது. அதைப் பக்க அறைக்குள் வைத்துத் தைத்தேன். கரைத்த பால் பவுடர் பாட்டிலை வைத்தால் மூன்று மணி நேரம் கழித்தும் வெதுவெதுப்பாக இருந்தது. தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸம்மாவிடம் இதைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. “வெதுவெதுப்பாத்தான் கிருமிக்கும் பிடிக்குங்க. கரைச்ச பாலைச் சூடா வெச்சுத் தூக்கிட்டுப் போகாதீங்க” என்றார். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதுதான்: பவுடரைக் கரைக்கும் தண்ணீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையக்கூடாது, கரைத்துக் குடிக்கும் சூட்டுக்கு ஆற்றியதை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும். வெளியே போகும்போது வெந்நீர் தனி, பவுடர் தனி. இப்போது அந்த அறையில் வெந்நீர் பிளாஸ்க் நிற்கிறது, பவுடர் ஒரு காய்ந்த டப்பாவில் வேறு அறையில். நான் பாடுபட்டுத் தைத்த வெள்ளி ஷீட் பிளாஸ்க்குக்குத் தேவையே இல்லை. பிரிக்க மனம் வராமல் விட்டுவைத்திருக்கிறேன்.

அழுக்குப் பை பற்றிச் சுருக்கமாக. லேமினேட் துணியில் 10-க்கு 14 அங்குலத்தில் ஒரு பை, வாய்க்கு ஜிப் இல்லை. வாயை மூன்று சுற்றுச் சுருட்டி லாக் போட்டுவிடுவது. ஜிப் வழியாக வாடை வரும், சுருட்டினால் வராது. பைக்கு வெளியே அடியில் தொங்கும். பயன்படுத்திய டயபரைச் செய்தித்தாளில் சுற்றி அதில் போட்டுவிட்டு, குப்பைத் தொட்டி வந்ததும் தாளோடு எடுத்துப் போடுவேன். டயபரைச் சுற்றித்தான் குப்பையில் சேர்க்க வேண்டும் என்று 2016-இன் திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். 2019-இல் தமிழ்நாட்டில் தடை வந்த பிறகு பாலித்தீன் கவர் கேட்டுக் கடையில் நிற்கக் கூடாது, செய்தித்தாள்தான் நல்லது. ரயில் ஜன்னல் வழியாக எறிகிறவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இது வேறு பதிவாகிவிடும்.

தோள்பட்டியில் மட்டும் என் கையும் அம்மாவின் மிஷினும் தோற்றன. ஒரு பட்டி ஏற்கெனவே பாதி நூல் விட்டிருந்தது. பட்டி, பஞ்சு, பையின் துணி, உள்ளே ஒட்டுத் துண்டு என்று மடிப்புகள் சேர்ந்து ஆறு அடுக்கு. 18-ஆம் நம்பர் ஊசியும் போய்விட்டது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பை ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். அண்ணன் பட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒத்தத் தையல்ல நிக்குதுங்க தம்பி. இத்தன நாளு எப்படித் தாங்குச்சு?” என்றார். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கேன்வாஸ் துண்டு வைத்து, பட்டியின் முனையைச் சதுரமாகத் தைத்து, சதுரத்துக்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போட்டார். அப்படிப் போட்டால் இழுப்பு ஒரே வரியில் விழாமல் பரவிவிடுமாம். இரண்டு பட்டிக்கும் 100 ரூபாய். ஜன்னலைப் பார்த்து என்னவென்று கேட்டார், வைப்ஸ் பாக்கெட்டை வைத்துக் காட்டினேன். கட்டைவிரலால் மூடியை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தார். அதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

ஜிப், துணி, கொக்கி, மேக்னட், முறிந்த ஊசிகள், அண்ணனின் கூலி எல்லாம் சேர்ந்து 740 ரூபாய். வீணான லேமினேட் துணியும் அதில் அடக்கம்.

முதல் வெள்ளோட்டம் பழனிக்கே. ஏழாம் மாதம் பாப்பாவுக்கு மொட்டை. கிளம்பும்போது அம்மா பையை ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டு, வசம்புத் துண்டையும் திருநீற்றுப் பொட்டலத்தையும் எங்கே வைப்பது என்று கேட்டார். இத்தனை அறையில் அதற்கு இடம் இல்லை. முன் அறையின் உள்பக்கம் சின்னதாக ஒரு ஜோப்பை அவரே கையால் தைத்துவிட்டார்; அது மட்டும் இன்றுவரை ஒரு நூல்கூட விடவில்லை. மொட்டை போட்டு முடிந்ததும் பாப்பா அழுத அழுகையில் எல்லாம் ஒன்றாக வந்தது. மண்டபத்துக் கல்தரை சுட்டது. பையைக் கம்பியில் மாட்டினேன், வளையத்தை இழுத்தேன், விரிப்பு வந்தது, உதறினால் தானாக விரிந்தது. யோகா பாய் சூட்டைத் தடுத்தது. வைப்ஸ், டயபர், செய்தித்தாள். ஒன்றரை நிமிடம் இருக்கலாம். மாமனார் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, “நல்லாருக்குங்க மாப்பிள்ள” என்றவர், அடுத்த மூச்சில் “கடையில கெடைக்குமே?” என்றார்.

அடுத்த மாதம் கோவை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனதில் இரண்டு குறை தெரிந்தது. வண்டி ஆட ஆட, தொங்கும் பையும் ஆடிப் பக்கத்து சீட்டுக்காரரின் முழங்காலை இடித்தது. அடியில் ஒரு நாடா வளையம் வைத்துக் கீழ்க்கம்பியில் மாட்டிக்கொண்டால் நிற்கும் என்று திரும்பி வந்து தைத்தேன். இன்னொன்று, தோள்பட்டியின் நீளம். நான் ஐந்தடி பத்து, மனைவி ஐந்தடி. கை மாறும் ஒவ்வொரு முறையும் பட்டியை இழுத்து, தளர்த்தி, மறுபடி இழுத்து, அதற்கு மட்டும் இரண்டு கை வேண்டியிருந்தது. பட்டியில் அவள் அளவுக்குச் சிவப்பு நூலிலும் என் அளவுக்கு நீல நூலிலும் நான்கு கோடு தைத்து அடையாளம் வைத்தேன். இழுக்கும் வேலை குறையவில்லை, ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்ற சண்டை குறைந்திருக்கிறது.

பாப்பாவுக்கு இப்போது பத்து மாதம். போன வாரம் பையைக் கட்டில் காலில் மாட்டிவிட்டு பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றச் சமையலறைக்குப் போனேன். திரும்பி வந்தால் பாப்பா தரையில் உட்கார்ந்திருக்கிறாள். இடது கையில் அவளுடைய ரப்பர் யானை. வலது கை விரலைச் சாவி வளையத்தில் விட்டு ஜிப்பைக் கீழ்வரை இழுத்திருக்கிறாள். ஜன்னல் வழியாக வைப்ஸ் ஒவ்வொன்றாக வந்து, பாக்கெட் காலி. யானையை அவள் கீழே வைக்கவே இல்லை. வளையத்தைக் கழற்றி, பெரியவர் கை மட்டும் எட்டும்படி ரன்னருக்கு வேறு என்ன வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பை ரிப்பேர் அண்ணனைப் பார்க்க வேண்டும்.